ரெண்டு பேரும் டீச்சர், மறுபடி வெளிநாடு: பழைய ஸ்கூலா, வேற ஸ்கூலா, வேற நாடா?

புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே டீச்சர். முன்னாடி வெளிநாட்டுல ஒரே இன்டர்நேஷனல் ஸ்கூல்ல சில வருஷம் வேலை பார்த்துட்டு, பெத்தவங்களுக்கு உடம்பு சரியில்லன்னோ, குழந்தை பிறந்துச்சுன்னோ, இல்ல கோவிட் நேரத்துல பார்டர் மூடினப்ப பட்ட பாடு போதும்னோ திரும்பி வந்துட்டாங்க. இப்ப மறுபடி போகணும். போறதுன்னு முடிவாயிடுச்சு, எங்கன்னுதான் முடிவாகல. பழைய ஸ்கூல்ல "வாங்க, இடம் இருக்கு"ன்னு கூப்பிடறாங்க. அதே சிட்டியில இன்னொரு ஸ்கூல் கொஞ்சம் கூடுதலா தர்றோம்ங்குது. பார்க்காத ஒரு நாட்டுலேர்ந்து ஒரு ஆஃபர். நாலாவதா, ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு மட்டும் ரொம்ப நல்ல போஸ்ட், இன்னொருத்தர் டிபெண்டன்ட்டா, அதாவது துணையோட விசாவுல குடும்பமா, வந்துக்கலாம்னு. இந்த நாலுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு எதையும் சைன் பண்ண முடியாம இருக்கிற ஜோடிங்க நிறைய பேர் கேட்டுட்டே இருக்கிறதால, ஒவ்வொண்ணையும் எடுத்து வச்சுப் பார்த்துடலாம்.

## முதல்ல எதை வச்சு எடை போடறது

சம்பளத்தைப் பக்கத்துல பக்கத்துல எழுதி எது பெருசுன்னு பார்க்கிறதுதான் எல்லாரும் முதல்ல செய்றது. தப்பில்ல, ஆனா ஜோடியா போறவங்களுக்கு அது மட்டும் பத்தாது. தனியா போறவருக்கு வேலை போனா ஒரு சம்பளம் போகும். ஜோடிக்கு அப்படி இல்ல, ரெண்டு சம்பளம், தங்கற வீடு, பசங்க படிப்பு, மெடிக்கல் இன்சூரன்ஸ், அந்த நாட்டுல இருக்கிறதுக்கான விசா எல்லாமே ஒரே மேனேஜ்மென்ட் கையில இருக்கு. அதனால எந்த ஆஃபர் வந்தாலும் முதல் கேள்வி இதுவா இருக்கணும்: ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு மட்டும் இந்த வேலை நின்னு போச்சுன்னா, மிச்சம் இருக்கிறவரோட நிலைமை என்ன? வேலை போறதுன்னா தூக்கிட்டாங்கன்னு மட்டும் இல்ல. ஒருத்தருக்குப் பிடிக்கல, உடம்பு முடியல, குழந்தைக்காக ஒரு வருஷம் வீட்டுல இருக்கணும், பசங்க எண்ணிக்கை குறைஞ்சு ஒரு செக்‌ஷனை மூடிட்டாங்க, இப்படி எதுவா வேணா இருக்கலாம்.

ரெண்டாவது, ரெண்டு போஸ்ட்டும் உருப்படியானதா. ஒருத்தருக்கு முழு நேர வேலை, இன்னொருத்தருக்கு "ஏதாவது பார்த்துக்கலாம்"ன்னு இருந்தா அது ஒண்ணரை ஆஃபர்தான், ரெண்டு ஆஃபர் இல்ல.

மூணாவது, கையில மிஞ்சற காசு. இங்கதான் ஜோடிங்களுக்குன்னு ஒரு தனி கணக்கு இருக்கு. ஸ்கூலுக்கு ஜோடியை எடுக்கிறதுல நேரடி லாபம் உண்டு, ரெண்டு டீச்சருக்கு ஒரே வீடு போதும். தனித்தனியா ரெண்டு பேரை எடுத்தா ரெண்டு ஃபிளாட் கொடுக்கணும். அந்த மிச்சத்துல உங்க பங்கு என்னன்னு நீங்க கேட்கலாம், கேட்கிறதுக்கு முழு நியாயம் இருக்கு. பெரிய வீடா, ரெண்டு பேருக்கும் தனித்தனி ஹவுசிங் அலவன்ஸா, இல்ல ஒண்ணரை மடங்கா, எதுன்னு எழுத்துல வாங்கிக்கங்க.

நாலாவது பேப்பர் வேலை, விசா. அஞ்சாவது பசங்க படிப்பு. ஆறாவது, இதை யாரும் லிஸ்ட்ல எழுத மாட்டாங்க ஆனா எல்லார் மனசுலயும் இருக்கும், பெத்தவங்களுக்கு ஒண்ணுன்னா எத்தனை மணி நேரத்துல வந்து சேர முடியும், அவசர லீவு எத்தனை நாள், அதுக்கு டிக்கெட் யார் காசு.

## பழைய ஸ்கூலுக்கே திரும்பிப் போறது

இதுல இருக்கிற நிம்மதியைக் குறைச்சு மதிப்பிடவே கூடாது. ஊர் தெரியும், டாக்டர் தெரியும், எந்த ஏரியாவுல வீடு எடுக்கணும்னு தெரியும், ஸ்டாஃப் ரூம்ல பாதி முகம் தெரியும். முதல் டேர்ம் முழுக்க சிம் கார்டு, பேங்க் அக்கவுன்ட்னு அலையாம நேரா பாடத்துல இறங்கலாம். ஸ்கூலுக்கும் உங்களைத் தெரியும், அதனால இன்டர்வியூ பெரும்பாலும் ஒரு சம்பிரதாயம்தான்.

ஆனா கட்டடம் அதேதானே தவிர ஸ்கூல் அதேவா இருக்காது. இன்டர்நேஷனல் ஸ்கூல்ல டீச்சர்ங்க ரெண்டு வருஷ காண்ட்ராக்ட்ல வந்து போயிட்டே இருப்பாங்க, ஹெட் மாறுவார், அவர் மாறினா அவரோட சேர்ந்து டைம்டேபிள்லேர்ந்து அப்ரைசல் வரைக்கும் எல்லாம் மாறும். உங்களைக் கூப்பிடற ஆள் பழைய ஹெட்டா, புது ஹெட்டா, இல்ல உங்க மேல பிரியமா இருந்த ஒரு கோஆர்டினேட்டர் மட்டுமான்னு பாருங்க. கோஆர்டினேட்டர் கூப்பிடறது சந்தோஷம், ஆனா காண்ட்ராக்ட் கொடுக்கிற அதிகாரம் அவருக்கு இல்ல.

தெரிஞ்ச ஒரு ஜோடிக்கு நடந்ததைச் சொல்றேன். புருஷன் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்ங்கிற சர்வதேச பாடத்திட்டம்) டிப்ளோமா பிசிக்ஸ், பொண்டாட்டி பிரைமரி கிளாஸ் டீச்சர். பழைய ஸ்கூல் ரெண்டு பேரையும் கூப்பிட்டுச்சு. அவரோட ஆஃபர் லெட்டர்ல பாடம், கிரேடு, வாரத்துக்கு எத்தனை பீரியட்னு எல்லாம் இருந்துச்சு. அவங்களோட லெட்டர்ல "பிரைமரி பிரிவில், தேவைக்கேற்ப"ன்னு ஒரே வரி. அந்த ஒரு வரிக்கு அர்த்தம் சொந்த கிளாஸ் கிடையாது, யார் லீவு போட்டாலும் அந்த கிளாஸுக்கு ஓடணும்னு. நாலு வருஷம் அங்க கிளாஸ் டீச்சரா இருந்தவங்க அவங்க. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அவங்களே மெயில் போட்டு எந்த இயர் குரூப், சொந்த கிளாஸ் உண்டா இல்லையான்னு நேரா கேட்டாங்க, பத்து நாள் பதில் வரல, அப்புறம் இயர் 3ன்னு எழுதி புது லெட்டர் வந்துச்சு. கேட்டதாலதான் வந்துச்சு. பழகின இடம்ங்கிற நம்பிக்கையில இந்த மாதிரி வரியை எல்லாம் படிக்காம விட்டுடறதுதான் இந்த ஆப்ஷன்ல இருக்கிற பெரிய ஆபத்து.

அடுத்தது சம்பள ஸ்கேல். நீங்க கிளம்பும்போது எந்த ஸ்டெப்ல இருந்தீங்களோ அங்கயே உட்கார வைப்பாங்களா, நடுவுல நீங்க வேற ஸ்கூல்ல வேலை பார்த்த வருஷங்களை எண்ணுவாங்களா? நிறைய ஸ்கூல்ல வெளி அனுபவத்துக்கு ஒரு உச்சவரம்பு இருக்கும், அதுக்கு மேல எத்தனை வருஷம் இருந்தாலும் புதுசா சேர்றவரா அதே ஸ்டெப்தான். நீங்க அங்கயே தொடர்ந்து இருந்திருந்தா அந்த வரம்பைத் தாண்டியிருப்பீங்க. திரும்பி வர்றவங்களைப் "புது ஆளா"ப் பார்க்கறாங்களா "பழைய ஆளா"ப் பார்க்கறாங்களான்னு ஸ்கூலுக்கு ஸ்கூல் வேற, அதனால இதைக் கேட்டே ஆகணும். ப்ரொபேஷன் மறுபடி உண்டான்னும் சேர்த்துக் கேளுங்க.

வேலையை விட்டுக் கிளம்பும்போது தர்ற கிராஜுவிட்டியும் அப்படித்தான். உதாரணத்துக்கு ஐக்கிய அரபு அமீரகத்தை எடுத்துக்கங்க. அங்க இப்ப இருக்கிற தொழிலாளர் சட்டப்படி, அது 2022 பிப்ரவரியிலேர்ந்து நடைமுறையில இருக்கு, முதல் 5 வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் சம்பளம், அதுக்கு மேல ஒவ்வொரு வருஷத்துக்கும் 30 நாள் சம்பளம். நீங்க போன தடவை 4 வருஷம் இருந்து செட்டில்மென்ட் வாங்கிட்டு வந்துட்டீங்கன்னா அந்தக் கணக்கு முடிஞ்சு போச்சு, இப்ப போனா மறுபடி முதல் வருஷம், மறுபடி 21 நாள். இன்னொண்ணு, இது முழு சம்பளத்து மேல இல்ல, பேசிக் மேல மட்டும்தான். மொத்தம் 100 வர்ற ரெண்டு ஆஃபர்ல ஒண்ணுல பேசிக் 60, இன்னொண்ணுல பேசிக் 40ன்னா, மாசா மாசம் கையில வர்றது ஒண்ணுதான், ஆனா கிளம்பும்போது ரெண்டாவது ஆளுக்கு மூணுல ஒரு பங்கு குறையும். ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டுப் பாருங்க, சின்ன தொகை இல்ல.

பாடமும் நகர்ந்திருக்கும். ஐபி பாடத்திட்டத்தை ஏழு வருஷம் மாதிரி ஒரு சுழற்சியில திருத்துவாங்க. டிப்ளோமா பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூணும் 2023 ஆகஸ்ட்லேர்ந்து புது பாடத்திட்டம், 2025ல முதல் பரீட்சை, ஆப்ஷன் டாபிக்கும் பேப்பர் 3யும் எடுத்துட்டாங்க. கணக்குல 2019லயே அனாலிசிஸ், அப்ளிகேஷன்ஸ்னு ரெண்டு கோர்ஸா பிரிச்சாச்சு. இதுக்கெல்லாம் முன்னாடி வந்தவங்க பழைய நோட்ஸை வச்சு சமாளிச்சுக்கலாம்னு போகக் கூடாது, ஐபி வொர்க்‌ஷாப்புக்கு ஸ்கூல் அனுப்புமான்னு ஆஃபர் பேசும்போதே கேட்டுடுங்க.

கடைசியா ஒண்ணு, முன்னாடி ஏன் கிளம்பினீங்கன்னு ரெண்டு பேரும் தனித்தனியா ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. குடும்பக் காரணம்னா அது தீர்ந்திருக்கலாம், தாராளமா போகலாம். ஸ்கூல்ல இருந்த ஏதோ ஒண்ணு காரணம்னா, அது இன்னும் அங்க இருக்கான்னு இப்ப அங்க வேலை பார்க்கிற ஒருத்தர்கிட்ட கேட்காம முடிவெடுக்காதீங்க. ரெண்டு பேப்பர்லயும் வேற வேற காரணம் வந்தா அதுதான் நீங்க உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

யாருக்கு ஒத்து வரும்: கிளம்பி மூணு நாலு வருஷத்துக்குள்ள, நல்ல முறையில கிளம்பினவங்க, பசங்க ஏற்கெனவே அந்த ஸ்கூல்ல படிச்சவங்க, ரெண்டு பேருக்கும் தெளிவான போஸ்ட் எழுத்துல வந்தவங்க.

## அதே சிட்டி, வேற ஸ்கூல்

இதை நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல, ஆனா என்னைக் கேட்டா நாலுல ரொம்ப நல்ல பேலன்ஸ் இதுலதான் இருக்கு. ஊர் தெரிஞ்ச சௌகரியம் அப்படியே இருக்கு, ஸ்கூல் மட்டும் புதுசு, அதனால சம்பள பேச்சுவார்த்தை பழைய நம்பரைப் பிடிச்சுக்கிட்டு நிக்காது. அதோட பெரிய சிட்டின்னா ஒருத்தர் ஒரு ஸ்கூல், இன்னொருத்தர் வேற ஸ்கூல்னு பிரிஞ்சும் சேரலாம். மேல சொன்ன முதல் கேள்விக்கு இதை விட நல்ல பதில் வேற இல்ல, ஒரு ஸ்கூல்ல பிரச்சனைன்னா இன்னொரு சம்பளமும் இன்னொரு விசாவும் அசையாம நிக்கும். ஒருத்தர் இன்னொருத்தருக்கு மேலதிகாரியா வர்ற சங்கடமும் இல்ல. ஒரே ஸ்கூல்ல புருஷன் ஹெச்ஓடி ஆனாலோ பொண்டாட்டி பிரைமரி ஹெட் ஆனாலோ மத்தவரோட அப்ரைசலை யார் பண்றதுன்னு ஒரு பேச்சு வரும், அதனாலயே சிலருக்கு புரமோஷன் தள்ளிப் போகும்.

மறைஞ்சிருக்கிற செலவு என்னன்னா, ரெண்டு ஸ்கூல்னா ரெண்டு காலண்டர். டேர்ம் லீவு ஒரு வாரம் முன்ன பின்ன இருந்தா சேர்ந்து ஊருக்கு வர்ற நாள் சுருங்கிடும், டிக்கெட் விலை ஏறின நாள்லதான் வர வேண்டியிருக்கும். ஒரு ஸ்கூல் வீடு கொடுக்குது, இன்னொண்ணு அலவன்ஸ் கொடுக்குதுன்னா, "உங்க வீட்டுக்காரர் ஸ்கூல்ல வீடு இருக்கே"ன்னு அலவன்ஸை வெட்டற வழக்கமும் உண்டு. பசங்க எந்த ஸ்கூல்ல படிப்பாங்க, இன்னொரு ஸ்கூல்ல கிடைக்கிற ஃபீஸ் சலுகை வீணாகுமா, அதுக்குப் பதிலா காசா தருவாங்களான்னு கேளுங்க. காலையில யார் எந்தப் பக்கம் வண்டி ஓட்டறதுன்னு ஒரு தினசரி தலைவலியும் இருக்கு.

பழைய ஸ்கூலோட காண்ட்ராக்ட்ல, கிளம்பின பிறகு இத்தனை நாளைக்கு அதே ஊர்ல போட்டி ஸ்கூல்ல சேரக் கூடாதுன்னு ஏதாவது இருந்துச்சான்னு பாருங்க. சில வருஷம் ஆயிருந்தா பெரும்பாலும் அது காலாவதி ஆகியிருக்கும், ஆனாலும் பழைய பேப்பரை எடுத்து ஒரு தடவை படிச்சுடறது நல்லது. ஸ்கூல் தரம் பார்க்க ஊர்ல கேட்டா போதாது. துபாய் மாதிரி இடத்துல, தனியார் ஸ்கூலைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான கேஹெச்டிஏவோட இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எல்லாருக்கும் திறந்தே இருக்கு. ஐபி ஸ்கூல்னா ஐபி அமைப்போட சைட்லயே எந்தெந்த புரோகிராமுக்கு அனுமதி இருக்குன்னு தேடிப் பார்த்துடலாம். "ஐபி கேண்டிடேட்"னு போட்டிருந்தா இன்னும் அனுமதி கிடைக்கலன்னு அர்த்தம், அந்த வேலையில பாதி டாக்குமென்ட் தயார் பண்றதுலயே போகும், அதையும் தெரிஞ்சுக்கிட்டே சேருங்க.

யாருக்கு ஒத்து வரும்: ஊர் பிடிச்சிருந்துச்சு, பழைய ஸ்கூல்தான் பிடிக்கலங்கிறவங்களுக்கு. ரெண்டு பேருமே ஒரே பாடம் எடுக்கிறவங்களுக்கு ரொம்பவே, ஏன்னா ஒரே டிபார்ட்மென்ட்ல ஒரே வருஷம் ரெண்டு இடம் காலியாகறது அபூர்வம்.

## புது நாடு

ஆசையா இருக்கும், நல்ல பேக்கேஜும் இங்கதான் வரும், அலைச்சலும் இங்கதான் அதிகம். போன தடவை பண்ணின பேப்பர் எல்லாம் இருக்கேன்னு நினைக்க வேண்டாம், அதுல பாதி மறுபடி ஆரம்பத்துலேர்ந்து.

டிகிரி, பி.எட்., கல்யாண சர்டிஃபிகேட், பசங்க பிறப்புச் சர்டிஃபிகேட் எல்லாத்துக்கும் சட்ட அங்கீகாரம் வேணும். அந்த நாடு 1961 ஹேக் உடன்படிக்கையில இருந்தா அப்போஸ்டில்னு, நம்ம நாட்டுலயே போடற ஒரு முத்திரை போதும். இல்லன்னா எம்பசி அட்டெஸ்டேஷன், அங்க போய் வெளியுறவு அமைச்சக முத்திரைன்னு நீளும், அமீரகம் அந்த வழிதான். நீங்க ஊர்ல இருந்த இந்தச் சில வருஷத்துல இதுவும் மாறியிருக்கு, சவுதி 2022 டிசம்பர்லயும் கனடா 2024 ஜனவரியிலயும் அப்போஸ்டிலுக்கு வந்துட்டாங்க. அதனால பழைய அனுபவத்தை வச்சு ஏஜென்ட்டுக்குக் காசு கட்டாம, இப்ப என்ன விதின்னு பார்த்துட்டுச் செய்ங்க.

போலீஸ் கிளியரன்ஸ் அடுத்தது. குழந்தைப் பாதுகாப்புக்காக இன்டர்நேஷனல் ஸ்கூல் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து 2014ல ஒரு டாஸ்க் ஃபோர்ஸ் வச்ச பிறகு ரெக்ரூட்மென்ட் சோதனை ரொம்ப இறுகிடுச்சு. இப்ப இருக்கிற நாட்டு சர்டிஃபிகேட் மட்டும் பத்தாது, முன்னாடி வேலை பார்த்த ஒவ்வொரு நாட்டுலேர்ந்தும் கேட்பாங்க. பழைய நாட்டுலேர்ந்து கிளம்பும்போது வாங்காம வந்திருந்தா இப்ப தூரத்துலேர்ந்து கைரேகை கொடுத்து வாங்கறதுக்கு மாசக் கணக்குல ஆகலாம். ரெண்டு பேருக்கும் தனித்தனியா. ஆஃபர் வந்த பிறகு ஆரம்பிக்காம இப்பவே ஆரம்பிச்சுடுங்க. ரெஃபரன்ஸும் அப்படித்தான், கடைசியா வேலை பார்த்த ஹெட் நேரடியா பேசணும்பாங்க, நடுவுல வேலை பார்க்காத மாசங்களுக்கும் விளக்கம் கேட்பாங்க, அதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல, அம்மாவைப் பார்த்துக்கிட்டேன்னா அம்மாவைப் பார்த்துக்கிட்டேன்னு எழுதுங்க.

நாட்டுக்கு நாடு டீச்சர் லைசென்ஸும் வேற. தாய்லாந்துல குருசபான்னு டீச்சர் கவுன்சில் இருக்கு, அவங்க லைசென்ஸோ தற்காலிக அனுமதியோ வேணும். வயசு வரம்பும் பாருங்க, வேலை விசாவுக்கு 60ங்கிற கோடு சில நாட்டுல இருக்கு, 56, 57ல போறவங்க அங்க ரெண்டு காண்ட்ராக்ட் முடிக்க முடியுமான்னு கணக்குப் போட்டுட்டுப் போகணும், அதுவும் ரெண்டு பேர்ல மூத்தவர் வயசை வச்சு.

காசுப் பக்கம், முதல் ரெண்டு மாசம் கையிலேர்ந்துதான் போகும். புது ஊர்ல குடியேறத் தர்ற செட்டில்லிங் அலவன்ஸ் முதல் சம்பளத்தோடதான் வரும்னு சொல்ற ஸ்கூல் நிறைய. வீட்டு டெபாசிட், பசங்க யூனிஃபார்ம், ஸ்கூல் பஸ் ஃபீஸ் (ட்யூஷன் ஃபீஸ் இலவசம்னு சொல்வாங்க, பஸ்ஸும் பரீட்சை ஃபீஸும் அதுல வராது), எல்லாம் முன்கூட்டியே. சில நாட்டுல அந்த இலவச ட்யூஷனையே உங்க வருமானமா எடுத்து வரி போடுவாங்க, ரெண்டு பசங்கன்னா அந்த வரியே ஒரு மாசச் சம்பளம் மாதிரி வந்து நிக்கும். நெட் சம்பளம் எவ்வளவுன்னு ஸ்கூல்கிட்டயே போன வருஷத்து ஒரு மாதிரி பே ஸ்லிப் கேளுங்க, பேர் மறைச்சுக் கொடுப்பாங்க.

முதல் கேள்வியை இங்க வச்சா பதில் கொஞ்சம் பயமாத்தான் இருக்கும். ஊர் தெரியாது, வேற ஸ்கூல்ல ஆள் தெரியாது, ரெண்டு பேரும் ஒரே ஸ்கூல்ல. அதனால சேர்ற வருஷம் கையில ஆறு மாசச் செலவுக்குக் காசு இல்லாம புது நாட்டு ஆஃபரை எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. ஊர்ல வேலையை ரிசைன் பண்றதுக்குப் பதிலா ஒருத்தராவது நீண்ட லீவு போட முடியுமான்னும் கேட்டுப் பாருங்க.

யாருக்கு ஒத்து வரும்: பசங்க சின்னவங்க, இல்ல படிச்சு முடிச்சுப் போயிட்டாங்க. பத்தாவதுலேர்ந்து பன்னெண்டாவதுக்குள்ள இருக்கிற பசங்களை வச்சுக்கிட்டு வேணாம். ஐபி டிப்ளோமாவும் ஐஜிசிஎஸ்இயும் (பத்தாவது மாதிரியான பிரிட்டிஷ் முறை பரீட்சை) ரெண்டு ரெண்டு வருஷ கோர்ஸ், நடுவுல போய்ச் சேர்ந்தா பாடம் எடுக்கிற வரிசையே ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும், இழக்கிறது பசங்கதான்.

## ஒருத்தருக்கு வேலை, இன்னொருத்தர் டிபெண்டன்ட்

"முதல்ல நீங்க சேருங்க, அங்க வந்த பிறகு இவங்களுக்கும் பார்த்துக்கலாம்." இந்த வாக்கியத்தை எத்தனை ஜோடி கேட்டிருக்கும். சில சமயம் நல்லபடியா நடக்கவும் செய்யுது, இன்டர்நேஷனல் ஸ்கூல்ல வருஷ நடுவுல திடீர்னு ஆள் தேவைப்படும், அங்கயே இருக்கிற ஒரு தகுதியான டீச்சர் அவங்களுக்கு வரப்பிரசாதம்.

ஆனா அங்க போன பிறகு சேர்ந்தா நீங்க லோக்கல் ஹயர், அதாவது உள்ளூர்லயே எடுத்த ஆள். ஊர்லேர்ந்து எடுத்தவருக்கு (ஓவர்சீஸ் ஹயர்) வீடு, வருஷா வருஷம் டிக்கெட், ஷிப்பிங் எல்லாம் உண்டு. லோக்கல் ஹயருக்கு பல ஸ்கூல்ல வெறும் சம்பளம்தான், அந்தச் சம்பள ஸ்கேலும் சில இடத்துல வேற. பக்கத்து கிளாஸ்ல அதே வேலை பார்க்கிறவரை விடக் குறைச்சு வாங்கிட்டு வருஷக் கணக்குல இருக்கிறது மனசை அரிக்கிற விஷயம், அதுவும் வேலையில மூத்தவங்களா இருந்தா இன்னும் கஷ்டம். ஒரு வழி உண்டு: சேர்றவரோட ஆஃபர் லெட்டர்லயே, துணைக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள வேலை கொடுத்தா ஓவர்சீஸ் ஹயர் நிபந்தனையிலதான் கொடுப்போம்னு ஒரு வரி போட வைக்கிறது. எல்லா ஸ்கூலும் ஒத்துக்காது, பிசிக்ஸ், மேத்ஸ் மாதிரி ஆள் கிடைக்காத பாடம்னா ஒத்துக்கும்.

டிபெண்டன்ட் விசாவுல வேலை பார்க்க முடியுமாங்கிறதே நாட்டுக்கு நாடு தலைகீழ். ஹாங்காங்ல வேலை விசாவுல இருக்கிறவரோட துணை தனி அனுமதி இல்லாமலே வேலைக்குச் சேரலாம். சிங்கப்பூர்ல 2021 மேலேர்ந்து டிபெண்டன்ட் பாஸ்ல இருக்கிற பெரும்பாலானவங்க வேலை பார்க்கணும்னா அவங்களுக்குன்னு தனி வொர்க் பாஸ் வேணும், துணையைக் கூட்டிட்டு வர்றதுக்கே சேர்றவருக்கு மாசச் சம்பளம் குறைஞ்சது 6,000 சிங்கப்பூர் டாலர் இருக்கணும். சீனாவுல குடும்ப விசாவுல இருந்துக்கிட்டு வேலை பார்க்கவே முடியாது, தனியா வொர்க் பெர்மிட் எடுக்கணும். அமீரகத்துல குடும்ப விசாவுல இருக்கிறவருக்கு ஸ்கூல் வொர்க் பெர்மிட் எடுத்துக் கொடுத்தா சேரலாம். கல்யாணம் பதிவு பண்ணாதவங்களுக்கு பல நாட்டுல இந்த வழியே கிடையாதுங்கிறதையும் மறந்துடாதீங்க.

இதுல நான் பெருசா கவலைப்படறது வேற. பத்து பதினஞ்சு வருஷம் கிளாஸ்ல நின்னவங்க, திடீர்னு ஒரு ஃபிளாட்டுக்குள்ள, தெரியாத ஊர்ல, பகல் முழுக்க தனியா. வேலைக்குப் போறவருக்கு அன்னைக்கு நடந்த ஆயிரம் கதை இருக்கும், வீட்டுல இருக்கிறவருக்கு ஒண்ணும் இருக்காது. பெரும்பாலும் அது பொண்டாட்டியாத்தான் இருக்காங்க, அதுவும் யாரோட சம்பளம் கூடன்னு பார்த்து எடுத்த முடிவா இருக்கும். ஒரு வருஷம் ஓய்வு வேணும், மேல படிக்கணும், குழந்தையோட இருக்கணும்னு அவங்களே ஆசைப்பட்டு எடுத்தா இது நல்ல ஆப்ஷன். "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"னு எடுத்தா வேணாம்.

யாருக்கு ஒத்து வரும்: டிபெண்டன்ட்டா போறவர் தானாவே ஒரு இடைவெளி கேட்கறப்ப, துணைக்கு வேலை பார்க்க அனுமதி இருக்கிற நாடா இருக்கிறப்ப, ஒரு சம்பளத்துலயே மாசம் ஓடி மிச்சமும் நிக்கிறப்ப.

## நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சா

| எதைப் பார்க்கணும் | பழைய ஸ்கூல் | அதே சிட்டி, வேற ஸ்கூல் | புது நாடு | ஒருத்தர் மட்டும் |
|---|---|---|---|---|
| ஒருத்தர் வேலை நின்னா | ரெண்டும் ஆட்டம் காணும், ஆனா ஊர்ல ஆள் தெரியும் | பிரிஞ்சு சேர்ந்தா ரொம்பப் பாதுகாப்பு | ரொம்ப ஆபத்து, கையில காசு வேணும் | சேர்ந்தவர் வேலை போனா எல்லாம் போச்சு |
| ரெண்டு போஸ்ட் | கிடைக்கும், லெட்டரைக் கவனமா படிக்கணும் | தேடணும் | ஜோடிக்குன்னே வர்ற ஆஃபர் உண்டு | ஒண்ணுதான் |
| மறைஞ்ச செலவு | ஸ்டெப் குறையலாம், கிராஜுவிட்டி பூஜ்யத்துலேர்ந்து | ரெண்டு காலண்டர், அலவன்ஸ் வெட்டு | டெபாசிட், பேப்பர், வரி | லோக்கல் ஹயர் சம்பளம் |
| பேப்பர் வேலை | குறைவு | குறைவு | அதிகம் | நடுத்தரம் |
| பெரிய கிளாஸ் பசங்க | பரவாயில்ல | போர்டு ஒண்ணா இருந்தா பரவாயில்ல | வேணாம் | நாட்டைப் பொறுத்தது |

## எப்ப தேடறது, என்ன கேட்கிறது

ஆகஸ்ட்ல ஆரம்பிக்கிற ஸ்கூல்ங்கள்ல, இருக்கிற டீச்சர்கிட்ட அடுத்த வருஷம் இருக்கியா போறியான்னு அதுக்கு முந்தின அக்டோபர்லேர்ந்து ஜனவரிக்குள்ள கேட்டுடுவாங்க. காலி இடம் வெளிய வர்றதும் அப்பத்தான். ஜோடிங்க இந்த முதல் சுத்துலயே இறங்கிடணும், ஏன்னா அப்பதான் ரெண்டு மூணு இடத்தை முன்ன பின்ன நகர்த்தி உங்க ரெண்டு பேரையும் பொருத்த அவங்களுக்கு வழி இருக்கும். ஏப்ரல், மே ஆச்சுன்னா ஒத்தை ஒத்தை ஓட்டைதான் மிச்சம் இருக்கும், அப்ப ஜோடிக்கு இடம் கிடைக்கிறது சிரமம். சர்ச் அசோசியேட்ஸ், ஐஎஸ்எஸ் மாதிரி டீச்சர் வேலைக்கு ஆள் எடுத்துத் தர்ற ஏஜென்சியில பதியும்போதே ஜோடின்னு பதிஞ்சுடுங்க. தேடும்போது ரெண்டு பேர்ல யாரோட பாடத்துக்கு ஆள் பஞ்சமோ அவரை முன்னாடி வச்சுத் தேடுங்க. பிரைமரிக்கு இடம் பொதுவா அதிகம், அதனால செகண்டரி சயின்ஸ் ஒருத்தர், பிரைமரி ஒருத்தர்ங்கிற ஜோடிக்கு கதவு சீக்கிரம் திறக்கும்.

நாலுல எதை எடுத்தாலும், ரெண்டு லெட்டரையும் பக்கத்துல வச்சு இந்த விஷயம் எழுத்துல இருக்கான்னு பாருங்க. ஒருத்தரோட காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படலன்னா, இன்னொருத்தர் பெனால்ட்டி இல்லாம விலகலாமா? விலகாம இருந்தா அவருக்கு குடும்ப வீடு தொடருமா, இல்ல சிங்கிள் வீட்டுக்கு மாத்துவாங்களா? வீடும் பசங்க ட்யூஷனும் யார் பேர்ல இருக்கு? ஒருத்தர் வருஷ நடுவுல கிளம்பினா, ரெண்டு பேருக்கும் கொடுத்த டிக்கெட், ஷிப்பிங் காசைத் திருப்பிக் கேட்பாங்களா, இல்ல கிளம்பினவர் பங்கை மட்டுமா? இதுக்கு "அதெல்லாம் அப்ப பார்த்துக்கலாம் சார்"னு வாயால பதில் சொல்ற ஸ்கூலை விட, பிடிக்காத பதிலா இருந்தாலும் எழுதிக் கொடுக்கிற ஸ்கூல்தான் எனக்கு மேல். லெட்டர்ல இல்லன்னா மெயில்லயாவது வாங்கி, ரெண்டு பேர் இன்பாக்ஸ்லயும் இருக்கிற மாதிரி பார்த்துக்கங்க, ஸ்கூல் கொடுத்த மெயில் ஐடியில இல்ல, உங்க சொந்த ஐடியில.